நான் துடைத்த மச்சம்

சென்ற வாரம் பாசிக்குடாவில் இருந்து நண்பர் ஒருவர் அழைத்தார். ஐந்து அறைகளோடு சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறார். புதிதாக வெப்சைட் செய்திருக்கிறாராம். "ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

பார்க்க முயன்றேன். வெள்ளைத் திரை. எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன். வானம் வந்திருந்தது. கடல் பாதி வந்திருந்தது. மணல்... இன்னும் வந்துகொண்டே இருந்தது.

விசாரித்தால், கமராவில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருக்கிறார். ஒவ்வொன்றும் ஒன்பது எம்பி. அப்படி இருபது படங்கள். கைத்தொலைபேசியில் பார்க்கிற எந்த மனிதர் இதற்காகக் காத்திருப்பார்?

"அகலத்தைக் குறையுங்க. தரத்தைக் கொஞ்சம் இறக்குங்க. இருநூறு கேபிக்குள்ள வந்திரும். பாக்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். "குறைக்கக்குள்ள முக்கியமான என்னவும் போயிராதா டீச்சர்?"

விடுதிப் படத்தில் என்ன போய்விடப்போகிறது? பத்து மணல் துகள்கள் போகும். அவ்வளவுதான். அப்படித்தான் சொல்லிச் சமாளித்தேன். ஆனால் தொலைபேசியை வைத்த பிறகு நெடுநேரம் வேலை ஓடவில்லை. அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை மிகப் பிழையான பதில் சொல்லியிருக்கிறேன். யாருக்கும் இதுவரை எழுதியதில்லை. இந்த வாரம் இந்தப் பத்தியில் எழுதிவிடுகிறேன்.

யுத்த காலம். வாகரைப் பக்கத்துச் சனங்கள் காட்டு வழியாகவும் கடல் வழியாகவும் தப்பி வந்து, மட்டக்களப்பைச் சுற்றிப் பள்ளிக்கூடங்களிலும் தரப்பாள் கூடாரங்களிலும் நிறைந்திருந்த மாதங்கள். நான் அப்போது நகரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் கணினி கற்பித்துக்கொண்டிருந்தேன். மாலையில் நசீரின் இன்ரநெற் கடையில் இருப்பேன். காத்தான்குடிக்காரர். என் வயதுதான். தினமும் கல்லடிப் பாலத்தைத் தாண்டி வந்து கடை திறப்பார். வாவிக்கரைக் கடை, நாலு கணினிகள், ஒரு தொலைபேசி. பாதை மூடினால் கடையும் மூடும்.

முகாம்களில் பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளைகளைப் பிரிந்த தாய்மார் இருந்தார்கள். உறவினர்களோ குவைத்தில், கட்டாரில், கனடாவில். யார் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வெப்சைட் செய்தோம். முகாமில் இருப்பவர்களின் முகங்களைப் படம் பிடித்து ஏற்றுவது, தெரிந்தவர்கள் பார்த்து நசீரின் கடைத் தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பது — இவ்வளவுதான் திட்டம்.

அதிலும் கட்டுப்பாடுகள். ஆண்களின் படம் போடுவதில்லை. ஏன் என்று அந்தக் காலத்தில் இங்கே வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு முகத்தைக் காட்டிக்கொடுப்பது அன்றைக்கு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். முகாமின் பெயரும் எழுதுவதில்லை. பெண்கள், பிள்ளைகள், பெயர், வயது... அவ்வளவுதான். ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எடுத்தோம்.

அறுபத்திரண்டு முகங்கள் சேர்ந்தன. ஒவ்வொரு படமும் இரண்டு எம்பி. தொலைபேசிக் கம்பியில் ஓடிய அன்றைய இணையத்தில் ஒரு படம் ஏறுவதற்கே எட்டுப் பத்து நிமிடம் பிடிக்கும். நடுவில் மின்சாரம் போனால் முதலில் இருந்து.

எப்படியோ நாலு நாட்களில் ஏற்றி முடித்தோம். பக்கத்தில் படங்கள் முத்திரை அளவில் அழகாக வரிசையாகத் தெரிந்தன. தெரிந்தது மட்டும்தான் சின்னது. உள்ளே ஒவ்வொன்றும் அதே இரண்டு எம்பி. அந்த வித்தியாசம் எனக்கே சரியாகப் புரிந்திராத காலம். கணினி கற்பிக்கிறவள் நான். சிரிக்காதீர்கள்.

ஏற்றி முடித்த மூன்றாம் நாள் டுபாயில் இருந்து ஒருவர் அழைத்தார். "ஒரு மணித்தியாலமாப் பாத்துக்கொண்டு இரிக்கன். ரெண்டு முகம்தான் வந்த. மத்தவங்களெல்லாம் எங்க?"

நசீர் என்னைப் பார்த்தார். "டீச்சர், இது ஆளத் தேடுற வெப்சைட். ஆளே வாறதுக்குள்ள தேடுறவன் போயிருவான்."

அன்றைக்கு உட்கார்ந்தேன். ஒரு சீடியில் படம் திருத்தும் மென்பொருள் இருந்தது. ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்துத்தான் படித்தேன். முதலில் முகத்தை மட்டும் விட்டுச் சுற்றி வர வெட்டினேன். அகலத்தை நூற்றைம்பது புள்ளிகளாக்கினேன். தரத்தை இறக்கினேன். பிறகு இன்னொரு வித்தை கண்டுபிடித்தேன்... படத்தில் உள்ள சின்னச் சின்னப் புள்ளிகளை வழித்துச் சமமாக்கும் ஒரு கருவி. அதைப் போட்டால் எடை இன்னும் இறங்கியது.

காரணம் எளிது. ஒரு சுவர் முழுக்க ஒரே நிறம் என்றால் கணினிக்கு ஒரு வரியில் வேலை முடிந்துவிடும்: 'இங்கே எல்லாம் வெள்ளை'. சுவரில் நூறு புள்ளிகள் இருந்தால் நூறையும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டும். புள்ளிகளைத் துடைத்தால் எழுத வேண்டியது குறையும். கோப்பு மெலியும்.

துடைத்தேன். ஒரே கட்டளையில், அறுபத்திரண்டு முகங்களுக்கும் ஒரே அளவில். இரண்டு எம்பி, ஒன்பது கேபி ஆனது. பக்கம் ஒரு நிமிடத்துக்குள் திறந்தது. நசீர் எனக்குப் பிளேன்டீ வாங்கித் தந்தார். எனக்கும் பெருமைதான். ஏன் இல்லை?

அந்த வாரமே மூன்று குடும்பங்கள் தங்கள் ஆட்களைக் கண்டுபிடித்தன. இதையும் சொல்ல வேண்டும். எடை குறைத்ததால்தான் அவர்கள் கண்டார்கள். குறைப்பது பாவமில்லை.

பிறகு ஒரு பிற்பகல். கடையில் தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"மிஸ், நான் குவைத்துல இருந்து பேசுறன். யோகராணி. ஊர் வாகரை." வீட்டு வேலைக்குப் போன பெண். சுனாமி கொண்டுபோன வீட்டைத் திரும்பக் கட்டுவதற்காகப் போய் இரண்டு வருடம். கணவனும் ஒரே மகளும் வாகரையில். ஐந்து மாதமாகத் தொடர்பே இல்லை. வேலை செய்யும் வீட்டு எஜமானியின் மகள் எங்கள் பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறாள்.

"முழுக்கப் பாத்தன் மிஸ். என்ட மகள் சுகன்யா அதுல இல்ல. ஏழு வயசு."

"எல்லாரும் இன்னும் வரல்ல. நாங்க தொடர்ந்து போட்டுக்கொண்டுதான் இரிக்கம்" என்றேன். வழக்கமாகச் சொல்கிற பதில்.

"ஓம். ஒரு மொட்டத்தலப் புள்ள இரிக்கி. தர்சினி எண்டு போட்டிரிக்கி. அதப் பாக்கக்குள்ள எனக்கு நெஞ்சு இடிச்சிட்டு. ஆனா என்ட புள்ள இல்ல. என்ட புள்ளைக்கு இடக்கண்ணுக்குக் கீழ எள்ளுப் போல ஒரு மச்சம் இரிக்கி. இந்தப் புள்ளைக்கு இல்ல. பேரும் வேற. சரி மிஸ், வெக்கிறன். இதுக்குமேல பேச ஏலா."

வைத்துவிட்டாள்.

எள்ளுப் போல. வெள்ளைச் சுவரில் ஒரு புள்ளி...

ஓடிப்போய்க் கணினியில் அந்தப் படத்தைத் திறந்தேன். மொட்டைத் தலை. கன்னம் ஒட்டிப்போன முகம். முன்பல் இரண்டும் இல்லை. கண்ணுக்குக் கீழே தோல் வழுவழு என்று, பொம்மையின் தோல் போல இருந்தது. பெரிதாக்கினேன். சதுரம் சதுரமாக உடைந்தது. அவ்வளவுதான்.

நசீர் பின்னால் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"அசல் படத்தப் பாருங்க டீச்சர்."

"அசலுக்கு மேலேயேதான் சேவ் பண்ணினன்."

"கமராவுல?"

"அழிச்சிட்டன். இடம் காணாதெண்டு."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்த முகாம்ல இருந்து சனத்த பஸ்ஸுல ஊருக்கு ஏத்தத் தொடங்கிட்டாங்களாம். காலையில போவம்" என்றார்.

மறுநாள் காலை அவருடைய மோட்டார் சைக்கிளில் போனோம். என் கைப்பையில் கமரா. அந்த நாட்களில் கமராவோடு சோதனைச் சாவடிகளைத் தாண்டுவது எப்படியென்று கேட்கிறீர்களா? மூச்சைப் பிடித்துக்கொண்டுதான். போகும்போது பை பார்த்தார்கள். கமராவைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு படமும் இல்லை. போகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் அழித்த என் கெட்டித்தனம் அங்கே ஒன்றுக்கு மட்டும் உதவியது.

முகாம் ஒரு பள்ளிக்கூடம். மைதானத்தில் பஸ் இரண்டு நின்றன. மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. தர்சினி எந்தக் கூடாரம் என்று கேட்டுக் கேட்டுப் போனோம். ஒரு பெண் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் பாக்கியம். அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்தபடி அந்தப் பிள்ளை.

குனிந்து பார்த்தேன். இடக்கண்ணுக்குக் கீழே, நான் துடைத்த இடத்தில், மச்சம் இருந்தது.

"இது ஆருட புள்ள அக்கா?"

"என்ட புள்ள." பட்டென்று வந்தது பதில். பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "என்னத்துக்குக் கேக்கிறீங்க?"

"யோகராணி குவைத்துல இருந்து பேசின."

பாக்கியத்தின் கையில் இருந்த கயிறு நழுவியது. அப்படியே மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். பிள்ளையிடம் தண்ணீர் எடுத்து வரச் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் பேசினாள்.

யோகராணியும் அவளும் அடுத்தடுத்த வளவு, அயல் வீட்டுக்காரர்கள். ஒன்றாகத்தான் காட்டு வழியால் புறப்பட்டிருக்கிறார்கள். "செல் வந்து விழுந்து வெடிச்சிட்டு. தகப்பன் எழும்பல்ல. நிண்டு பாக்க ஏலா தங்கச்சி, பின்னாலயும் விழுகுது. நான் புள்ளையத் தூக்கிட்டு ஓடினன்."

முகாமில் பதிவு செய்யும்போது பெயர் கேட்டார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று சொன்னால் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "என்ட மகள் எண்டன். பேரென்ன எண்டாங்க. தர்சினி எண்டு வாயில வந்திட்டு."

"தர்சினி எண்டா?"

"என்ட மகள்தான். சுனாமியில போனவ."

நசீர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாக்கியமே எழுந்தாள். "படம் எடுக்கத்தானே வந்தீங்க? எடுங்க. தாய் பாக்கட்டும்."

அவளிடம் ஆண்கள் உடுக்கும் வெள்ளைச் சாரம் ஒன்று இருந்தது. நசீர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகப் பிடித்துப் பிள்ளையின் பின்னால் திரை போட்டார்கள். பின்னணி வெறுமையாக இருந்தால் அங்கே எடை மிச்சம். மிச்சம் பிடித்ததை எல்லாம் முகத்துக்குக் கொடுக்கலாம். முதல் நாள் இரவெல்லாம் படுத்தபடி யோசித்தது இது. ஐந்து படங்கள் எடுத்தேன். பிள்ளை சிரிக்கவில்லை. கமராவை மட்டும் நேராகப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது சாவடியில் கமராவை மறுபடி வாங்கினார்கள். இப்போது உள்ளே படங்கள் இருந்தன. இளம் இராணுவச் சிப்பாய். "மே கவுத?" என்றான். இது யார் என்று கேட்கிறான். எனக்குச் சிங்களம் அரைகுறை. நசீர் சொன்னார்: தாய் வெளிநாட்டில், பிள்ளை இங்கே, தாய்க்குக் காட்ட வேண்டும். அவன் ஐந்து படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். திரும்பவும் முதலில் இருந்து பார்த்தான். அழிக்கும் பொத்தான் அவனுடைய பெருவிரலுக்கு அருகிலேயே இருந்தது. என் கண் அதைவிட்டு விலகவில்லை.

கமராவை என்னிடம் தந்துவிட்டுப் போகச் சொன்னான்.

கடைக்கு வந்ததும் முதல் வேலையாக அசலை இரண்டு சீடிகளில் எழுதினேன். பிறகு பிரதி எடுத்து, அதற்கு வேறு பெயர் வைத்து, அதில்தான் கை வைத்தேன். முந்நூறு புள்ளி அகலம். தரத்தை அதிகம் இறக்கவில்லை. புள்ளி துடைக்கும் கருவியைத் தொடவே இல்லை. இருபத்தெட்டு கேபி வந்தது. ஒன்பதை விட மூன்று மடங்கு. இருக்கட்டும். மச்சம் தெரிந்தது.

ஆனால் யோகராணிக்கு எப்படிச் சொல்வது? அவள் இலக்கம் எங்களிடம் இல்லை. பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'குவைத்தில் இருந்து பேசிய தாய், மொட்டைத் தலைப் பிள்ளையின் படத்தைத் திரும்பவும் பாருங்கள்.' பார்ப்பாளா? ஏற்கெனவே இல்லை என்று முடிவு செய்துவிட்டுப் போனவள் அல்லவா?

நாலு நாட்கள் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் நானும் நசீரும் ஒரே நேரத்தில் எழுந்தோம். ஐந்தாம் நாள் அவள்.

படத்தைத் திரும்பவும் திறந்து பார்த்திருக்கிறாள்.

"பல்லு எப்ப விழுந்த மிஸ்?"

இதுதான் அவளுடைய முதல் கேள்வி. அதைப் பாக்கியத்திடம் கேட்டு வந்திருக்கலாம் என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு.

பாக்கியத்தோடு இருக்கிறாள் என்றேன். சுகமாக இருக்கிறாள் என்றேன். பேன் பிடித்ததால் தலை மழித்திருக்கிறார்கள் என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவர்ர படம் ஏன் போடல்ல?" என்றாள்.

"ஆம்பிளையள்ட படம் நாங்க போடுறதில்ல."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அதற்குப் பிறகு அவள் கணவரைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. ஊருக்குப் போயிருந்த பாக்கியம் அடுத்த கிழமை பிள்ளைக்கு மருந்து எடுக்க, சாவடி தாண்டப் பாஸ் வாங்கிக்கொண்டு நகரத்துக்கு வந்தாள். கடையில் வைத்துத் தொலைபேசியில் யோகராணியிடம் அதை அவளே சொன்னாள். நானும் நசீரும் வெளியே போய் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதற்கு முன்பே யோகராணியிடம் நான் இன்னொன்றையும் சொல்லிவிட்டேன். மச்சம் போனது கமராவின் பிழை இல்லை, அது என்னுடைய வேலை என்று. திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் சொன்னது இது: "மத்தப் புள்ளையள்ட படத்தையும் ஒருக்காப் பாருங்க மிஸ்."

அன்றிரவு பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மற்ற அறுபத்தொரு முகங்கள்! எத்தனை தழும்புகள், எத்தனை மறுக்கள், எத்தனை அம்மைத் தடங்கள்... யார் யாரை எது எதனால் அடையாளம் காண்பார்கள் என்று எனக்கு என்ன தெரியும்? எனக்கு அழுக்காகத் தெரிந்தது ஒரு தாய்க்கு முகவரி.

மறுபடி முகாம் முகாமாகப் போனோம். பிடிக்க முடிந்தது முப்பத்தெட்டுப் பேரை. மற்றவர்கள் பஸ் ஏறிப் போயிருந்தார்கள், அல்லது வேறு இடத்துக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். அவர்களுடைய படங்கள் கடைசிவரை அதே ஒன்பது கேபியில்தான் இருந்தன. புதிதாக எடுத்த படங்களைப் பார்த்து மேலும் இரண்டு பேரைச் சொந்தக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த இருவரும் முதல் படத்திலும் இருந்தவர்கள்தாம். ஒருத்திக்கு உதட்டில் தழும்பு. மற்றவள் வயதான அம்மா. நெற்றியில் பச்சை குத்தியிருந்தாள்.

யோசித்துப் பாருங்கள். நாம் எல்லோருமே நாள் முழுவதும் குறைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். குறைக்காவிட்டால் எதுவும் போய்ச் சேராது. 'பொதுமக்கள் இடம்பெயர்ந்தனர்' என்று அன்றைய செய்திகளில் வரும். இரண்டே சொற்கள். பக்கம் கனக்காது, உடனே திறந்துவிடும். சரிதான், செய்தி அப்படித்தான் போக வேண்டும். ஆனால் எங்கோ ஓரிடத்தில் அசல் இருக்க வேண்டாமா? அந்த இரண்டு சொற்களின் அசலைத் திறந்தால் பாக்கியம் மூட்டையின் மேல் உட்கார்ந்திருப்பாள்.

இன்றைக்குப் படங்களின் எடை குறைக்க நூறு வசதிகள் வந்துவிட்டன. பொத்தானை அழுத்தினால் போதும். என் மாணவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்... அகலம் எவ்வளவு, தரம் எவ்வளவு, பின்னணியை எப்படி வைப்பது. கூடவே ஒரு கேள்வியையும் கேட்கச் சொல்கிறேன்: இதை யார் பார்க்கப்போகிறார்கள், எதைத் தேடப்போகிறார்கள்? விடுதி தேடுகிறவருக்கு வேகம் முக்கியம். மகளைத் தேடுகிறவளுக்கு ஒரு புள்ளி முக்கியம். மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான். அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

யோகராணி ஒப்பந்தம் முடிந்து அடுத்த வருடம் வந்து சேர்ந்தாள். சில மாதம் கழித்து வாகரைக்குப் போய்ப் பார்த்தேன். தகரக் கூரை போட்ட வீடு. பாக்கியத்தின் வீடு பக்கத்து வளவில். சுகன்யாவுக்கு முடி வளர்ந்திருந்தது, பல் முளைத்திருந்தது. தாயை 'நீங்க' என்றாள். பாக்கியத்தை 'அம்மா' என்றாள். பகலில் இங்கே, படுக்க அங்கே.

"பரவாயில்ல. மெல்ல மெல்ல வரட்டும். அவவும் எங்க போவா?" என்றாள் யோகராணி. யாரைச் சொன்னாள், மகளையா பாக்கியத்தையா என்று நான் கேட்கவில்லை. இருவருக்கும் பொருந்தும்.

கிளம்பும்போது மூவரையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தேன். பிள்ளை நடுவில். ஒரு கை பாக்கியத்தின் சேலையில். மற்றக் கையை யோகராணி பிடித்திருந்தாள். அந்தக் கை இன்னும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது. கமராவின் சின்னத் திரையில் காட்டினேன். யோகராணி வாங்கிப் பெரிதாக்கி, மகளின் முகத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தப் படத்தக் குறைக்காதீங்க மிஸ்" என்றாள். "இனி இத இன்ரநெற்றுல போடத் தேவையில்லத்தானே."

நாலு எம்பி. இன்றைக்கும் அப்படியே வைத்திருக்கிறேன்.